விசிலில் பதிந்த பல் தடம்

எழுபதுகளில் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். 'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பார்கள். சொல் போனால் கண்டக்டருக்குச் சோறும் போச்சு. ஊர்ப்பெயரைக் கூவி ஆள் ஏற்றுவதுதானே பிழைப்பு. அந்த வாய் ஒரு கோடையில், காலையில் எழுந்தால் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. இடது காதுவரை வலி. 'திருக்கழுக்குன்றம்' என்று முழுசாகக் கூவ முடியாமல் 'குன்றம், குன்றம்' என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக மனைவி சொன்னாள். வயிற்றில் பூச்சி என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. விளக்கெண்ணெய் குடித்தேன். வயிறு சுத்தமானது; தாடை அப்படியே இருந்தது.

எங்கள் டிரைவர் சதுரங்கப்பட்டினத்து பாய். "கடவாப்பல்லு கெட்டுப் போய்கீது மச்சான். புடுங்கிப் போட்டா பேஜாரு வுட்டுது" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. பிடுங்கியே தீருவதென்று செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

தட்டிப் பார்த்துவிட்டு, சொத்தையே இல்லை, உச்சிதான் தேய்ந்திருக்கிறது என்றார். கன்னத்தில் விரல் வைத்துக் கடிக்கச் சொன்னார். சதை கல்லாகத் திரண்டது. வலி பல்லில் இல்லை, ஓயாமல் கடித்து இறுகிய இந்தச் சதையில்தான் என்றார். பிறகு என் சட்டைப் பையில் இருந்த விசிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதை இடது கடைவாயில் அதக்கிக்கொண்டே டிக்கெட் கிழிப்பது என் வழக்கம். விசில் முழுக்கப் பல் தடம்.

"பகல்லயும் எதுக்குங்க இப்படிக் கடிக்கிறீங்க?"

"பஸ்ல ஒரே சண்டைம்மா. எது வந்தாலும் பல்லக் கடிச்சிகினு பொறுத்துக்கோன்னுதான் எங்க வூட்ல வளத்தாங்க."

அவர் சிரித்துவிட்டார். "பொறுத்துக்கோங்க. பல்லை விட்டுடுங்க."

உதடு சேரலாம், சாப்பிடும் நேரம் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் குழைந்த சோறு. இரவுக் கடி அடங்காவிட்டால் பல்லுக்கு மேல் மாட்ட ஒரு தட்டு செய்யலாம். வைத்தியம் அவ்வளவுதான், பல்லோடு வீடு திரும்பினேன்.

விசில் கயிறு கட்டிக் கழுத்துக்கு மாறியது; ஊதும்போது மட்டும் உதட்டுக்கு வரும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்து "மச்சான், பல்லு" என்பார். ஏறுகிறவர்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

இரவுக் கடி அடியோடு போகவில்லை, குறைந்தது, தட்டு தேவைப்படவில்லை. சில வாரம் கழித்து ஒரு காலை, படியில் நின்று 'திருக்கழுக்குன்றம்' என்று முழு ஊரையும் கூவினேன். பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குன்றமே போதும் மச்சான். காது கிழியுது."