இடது மைக்கில் விழுந்த மூச்சு

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டிய கட்டிலின் விளிம்பில் அக்கா. அலமாரியில் சாய்ந்து தரையில் கண்ணாடிக்காரரின் மனைவி. கதவோரம் மேசையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவு செய்ய வந்த 'ரேடியோ' என்பவர். அறை நடுவே கிட்டாருடன் கண்ணாடிக்காரர். அவருக்கு எதிரே கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, அதன் முன்னால் கால் வைக்கும் சிறு பலகை. அதில் யாரும் இல்லை.

யாரும் இல்லை என்பதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை அல்ல. அந்த நால்வரில் மூவரைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மூவரும் ஒன்றையேதான் சொன்னார்கள். நடந்தது நள்ளிரவிலும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல வெயிலில்.

கண்ணாடிக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அந்தக் காலி நாற்காலி அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன், லிப்ட் மெக்கானிக். இருவரும் வாரம் தவறாமல் மச்சான் வீட்டு மாடியில் இருந்த அந்த அறையில் சேர்ந்து கிட்டார் வாசித்தவர்கள். மெக்கானிக் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கட்டிலில் இருந்த அக்கா அவருடைய மனைவி.

இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அது வேகத்தைப் பற்றியது. அவர்கள் பழகிய பழைய இரட்டைக் கிட்டார் இசைத்தாளின் மேலே 'நடக்கும் வேகம்' என்று மட்டும் போட்டிருந்தது. யாருடைய நடை மாப்பிள்ளை, உங்களோடதா என்னோடதா என்பார் மெக்கானிக். கண்ணாடிக்காரர் நடந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர் மாதிரி இருக்கும். மெக்கானிக் எப்போதும் நடுப்பக்கத்தில் உள்ள மிகக் கடினமான வரியை முதலில் எடுப்பார். அது எந்த வேகத்தில் தெளிவாக வருகிறதோ, அந்த வேகத்தில்தான் ஆரம்பத்தையே தொடங்க வேண்டும் என்பார். கண்ணாடிக்காரருக்கு அது பிடிக்காது. கிட்டாரில் மீட்டிய ஸ்வரம் உடனே தேய்ந்துவிடும், மெதுவாகப் போனால் மெட்டு அறுந்துவிடும் என்று வாதாடுவார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கடினமான வரி அவருடைய பாகத்தில் இல்லை. மெக்கானிக்கின் பாகத்தில் இருந்தது.

இரட்டைக் கிட்டாரில் எண்ணிச் சொல்ல ஆள் கிடையாது. தொடங்கிவைப்பவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சின் நீளம்தான் வேகம். அது முடிகிற இடத்தில் இருவர் விரலும் ஒன்றாக விழ வேண்டும்.

இசை மன்றத்தின் ஆண்டு விழாவில் தொடங்கிவைக்க வேண்டியவர் மெக்கானிக். நீளமாக மூச்சை இழுத்தார். கண்ணாடிக்காரருக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் சபை நிறைந்திருந்தது. மூச்சு முடியும் முன்பே தன் வேகத்தில் பாய்ந்துவிட்டார். மெக்கானிக் பின்னாலேயே ஓடிவந்தார். நடுப்பக்கத்து வரியில் விரல்கள் பின்னிக்கொண்டன. கையைக் கம்பிமேல் வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீதியைக் கண்ணாடிக்காரர் தனியாக வாசித்து முடித்தார். கைதட்டல் கிடைத்தது.

வாசலில் எல்லோரிடமும், மச்சான் கொஞ்சம் தடுமாறிவிட்டார் என்றார். மெக்கானிக் மறுக்கவில்லை. சிரித்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அக்கா ஒருநாள் கடைக்கு வந்து நின்றார்.

"அன்னிக்கு ராத்திரி அவரைத் திட்டிட்டேன் தம்பி. இத்தனை வருஷம் பழகி மானத்தை வாங்கிட்டீங்களேன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவர் கிட்டாரைத் தொடவே இல்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்காரர் கல்லாவைத் திறந்து மூடினார். அந்த இசையை ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டும், உங்கள் பாகம் மட்டும் போதும் என்று அக்கா கேட்டார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஒலிப்பதிவுக்கு வந்தவரின் பட்டப்பெயர் ரேடியோ. வாயைத் திறந்தால் அணைக்க முடியாது. பழைய பழக்கத்தில் இரண்டு நாற்காலிக்கும் ஒவ்வொரு மைக் வைத்துவிட்டார். பிறகு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அறை அமைதியானது.

ஸ்ஸ்ஸ்... என்று ஒரு மூச்சு.

அக்காவாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் தன் வழக்கமான வேகத்தில் தொடங்கினார். நாலு வரி போவதற்குள் ரேடியோ நிறுத்தினார்.

"மூச்சு விழுது. கொஞ்சம் அடக்கிக்கோங்க."

தொடங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் தன் வழக்கம் என்றார் கண்ணாடிக்காரர். ரேடியோ நம்பவில்லை. வயசானா அப்படித்தான் என்று ஏதோ கிண்டல் செய்தார். மறுபடி விரலைத் தூக்கினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

இந்த முறை ரேடியோவே நிமிர்ந்தார். ஹெட்போனின் ஒரு காதை எடுத்தார். மறு காதை எடுத்தார். திரும்ப மாட்டினார். கிண்டல் போய்விட்டது.

"இது உங்க மைக்ல இல்ல. இடது மைக்ல வருது."

இடது மைக் காலி நாற்காலிக்கு முன்னால் இருந்தது.

ஜன்னல் காற்று என்றார் கண்ணாடிக்காரர். ஜன்னல் சாத்தியிருந்தது. ரேடியோ எழுந்து இடது மைக்கின் வயரைப் பிடுங்கினார். வந்து உட்கார்ந்தார். விரலைத் தூக்கினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

இப்போது அது அறையில் இருந்த எல்லோருக்கும் உரக்கக் கேட்டது.

தரையில் இருந்த மனைவி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அக்கா அசையவில்லை. நாற்காலியையே பார்த்தார்.

மூச்சு இன்னும் முடியவில்லை. கண்ணாடிக்காரர் பயத்தில் பாய்ந்துவிட்டார். அன்று மேடையில் பாய்ந்த மாதிரியே.

நடுப்பக்கம் வந்தது.

அந்த வரியில் அவருக்கு வேலையே கிடையாது. நீளமான ஸ்வரங்கள்தான், தூக்கத்தில்கூட வாசிக்கலாம்.

விரல்கள் பின்னிக்கொண்டன.

யாரோ மேலே கை வைத்து அழுத்தினாற்போல்... கம்பிகள் ஊமையாகின.

ரேடியோ விரலைத் தூக்கவில்லை. யாரும் தூக்கச் சொல்லவில்லை.

ஆனாலும் அது தொடங்கியது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

கண்ணாடிக்காரர் காத்திருந்தார்.

நீண்டது.

இன்னும் நீண்டது...

முடிந்தது.

விரலை வைத்தார். ஆரம்பம் அவர் இதுவரை வாசித்தே இராத வேகத்தில் வந்தது. மெதுவாக. மெட்டு அறுந்துபோகவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தேய்ந்து முடிவதற்குள் அடுத்தது வந்து தாங்கிக்கொண்டது. நடுப்பக்கத்தில் அவருடைய நீண்ட ஸ்வரங்களுக்கு நடுவே, இன்னொருவருடைய கை தாராளமாக ஓடுகிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கே எதுவும் கேட்கவில்லை என்றுதான் மூவரும் என்னிடம் சொன்னார்கள்.

கடைசி ஸ்வரம் அடங்கியது. ரேடியோ பெட்டியை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். அவரை அறிந்தவர்களுக்கு அதுவே போதும்.

அக்கா கேட்டார். "இதுதான் அவர் சொன்ன வேகமா தம்பி?"

ஆமாம் என்று தலையாட்டினார் கண்ணாடிக்காரர். கிட்டாரை உறையில் வைத்து மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார். இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் அண்ணன் பக்கத்தில் இருந்தவர் அவர். கண்ணாடிக்காரர் அப்போது கடையில் இருந்தார்.

"இடது கை விரலை நாலையும் போர்வை மேல வரிசையா வெச்சுக்கிட்டான். தலையை லேசாத் தூக்கினான். மூக்கால நீளமா ஒரு மூச்சு இழுத்தான். அதை வெளிய விடவே இல்ல. நர்ஸ் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. யாருக்காகக் காத்திருக்கார்னு அண்ணி கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

கண்ணாடிக்காரர் எண்ணிப் பார்த்தார். மாடி அறையில் நான்கு முறை மூச்சு உள்ளே போனது. ஒரு முறைகூட வெளியே வரவில்லை.

நேரில் சொல்லும் துணிவு அவருக்கு வரவில்லை. உட்கார்ந்து எழுதினார். 'அக்கா, அன்று மேடையில் தடுமாறியது மச்சான் அல்ல. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. கேட்டும் முந்தினேன். நீங்கள் அவரைத் திட்டியது எனக்கு விழ வேண்டிய திட்டு.' மேலும் ஒரு பக்கம் எழுதினார். ஒரு வரியையும் அடிக்கவில்லை. மடித்துக் கவரில் போட்டார், ஒட்டினார், ஓரங்களை நகத்தால் அழுத்தினார்.

தெருமுனைத் தபால் பெட்டியின் வாயில் கவரைப் பாதி நுழைத்தவர், அப்படியே நின்றார். திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போது கவர் அவர் விரல்களிலிருந்து நகர்ந்தது. விழவில்லை. உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொள்வது போல, அவசரமே இல்லாமல், உள்ளே போயிற்று.

அவர் பிடித்து இழுக்கவில்லை. விட்டுவிட்டார்.