காலையில் சுற்றிய பீடிகள்

"காலையில எந்திரிச்சதும் விரலை மடக்க எவ்வளவு நேரம் ஆகுது?"

பாளையங்கோட்டையில் மூட்டு மருத்துவர் என் விரல்கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கியபடி கேட்டார்.

"ஒரு மணி நேரம் ஆகும் டாக்டர். பிறகு பைய சரியாயிரும்."

சொன்னதுமே மூக்கில் புகையிலை நெடி ஏறியது.

என் சின்ன வயதில், எங்கள் ஊர் முக்கூடலில் அம்மா பீடி சுற்றினாள். விடிந்ததும் சூடான வடிகஞ்சியில் இரண்டு கைகளையும் முக்கிவைத்துக்கொண்டு, விரல்கள் வேகட்டும் என்பதுபோலக் காத்திருப்பாள். அப்படியும் காலையில் சுற்றியதெல்லாம் தொளதொளவென்று இருக்கும். மத்தியானத்துக்கு மேல் சுற்றியது கல்லு மாதிரி இருக்கும். பீடிக்கடைக்காரர் கழித்துப் போட்டுவிடக் கூடாதே என்று, காலைப் பீடிகளைக் கட்டின் நடுவில் ஒளித்து வைப்பது என் வேலை. பத்து வயதில், கண்ணை மூடிக்கொண்டு தொட்டே எது காலை, எது மாலை என்று சொல்லிவிடுவேன்.

"ஏட்டி, உங்கம்மாவுக்கு விடிஞ்சா மட்டும் கை நோவுது. மத்தியானம் அந்த நோவு எங்கன போகுது? எல்லாம் வேலைக் கள்ளம்!" என்பார் அப்பா.

நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அம்மா கஞ்சி ஆறிவிட்டதா என்று மட்டும் பார்ப்பாள்.

"விடியக்காலம் இறுகி, நேரம் போகப்போக இளகுறது இந்த முடக்குவாதத்தோட முக்கியமான அடையாளம்," என்றார் மருத்துவர். "குடும்பத்துல வரக்கூடியதுதான். அம்மாவுக்கு இருந்துச்சா?"

"இருந்தது டாக்டர். எங்க வீட்டுல அதுக்குச் சோம்பேறித்தனம்னு பேரு."