ஆயில் சூட்டுக்குக் காவல் இருந்தவள்

அந்தக் கார்ப் பந்தய அணியில் எல்லாரும் அவளை ‘டிகிரி அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். கல்லூரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள். என்ஜின் ஆயில் எத்தனை டிகிரி சூட்டில் இருக்கிறது என்று கவனிப்பது அவள் வேலை. முன்பு எட்டு வருடம் பால் தொழிற்சாலையில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவள். தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டாள். அணியின் ஓட்டுநர் அவளுடைய அக்கா புருஷன். அவர் சொல்லித்தான் இந்த வேலையே கிடைத்தது.

காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும். எண்பது டிகிரி வராமல் காரைக் கிளப்ப விடமாட்டாள். ஆயில் சீக்கிரம் சூடேற, அதைக் குளிர்விக்கும் கூலருக்குக் காற்று போகும் வாயை டேப் பட்டைகள் ஒட்டிப் பாதி அடைப்பாள். வெயில் ஏறியதும் ஒரு பட்டையை மட்டும் விட்டு மற்றதை உரித்துவிடுவாள். நூற்றுப் பத்துக்குள் நின்றால் நிம்மதி. நூற்று முப்பதைத் தாண்டினால் ஆயில் தண்ணீராக இளகி, உள்ளே இரும்பும் இரும்பும் உரசும்.

அந்த வருடம் இரண்டு பந்தயங்களில் நூற்று முப்பத்திரண்டு காட்டியது.

“வெயில் அப்படி,” என்றார் ஓட்டுநர்.

ஆனால் அவள் ஒரு பட்டை விட்டிருந்த இடத்தில், திரும்பி வந்த காரில் மூன்று இருந்தன.

எதிரணியிலிருந்து புதிதாக வந்திருந்த மெக்கானிக் மேல் அவளுக்குச் சந்தேகம். அதிகம் பேசமாட்டான். அவள் கூலர் பக்கம் போனால், ஸ்பானரைத் துடைக்கிற சாக்கில் அவனும் வந்து நிற்பான்.

மூன்றாவது பந்தயத்தன்று, ஒட்டிய பட்டையில் அடையாளத்துக்கு ஒரு கோடு போடலாம் என்று குனிந்தாள். அதில் ஏற்கெனவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

“நான்தான் வெச்சேன்,” என்றான் பின்னால் நின்ற மெக்கானிக். “நீங்க ஒட்டினது எதுன்னு தெரியணும்ல.”

“என்னையா சந்தேகப்பட்டே?”

“நீங்க என்னைப் படலையா?”

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. “அப்போ வேற யாரு?”

பந்தயத்துக்கு முன், எல்லாரும் பந்தயம் பார்க்கப் பாதையோரச் சுவருக்குப் போய்விடும் ஐந்து நிமிடம் ஒன்று உண்டு. அன்று இருவரும் போகாமல் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றார்கள். ஓட்டுநர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உடைக்குள்ளிருந்து டேப்பை எடுத்துக் காற்று வாயை அடைக்கத் தொடங்கினார்.

“என்ன மாமா இது?”

அவர் திடுக்கிட்டாலும் சமாளித்துக்கொண்டார். “காத்து உள்ள போகலேன்னா நேர் பாதையில கொஞ்சம் வேகம் கிடைக்குது. உன்கிட்ட சொன்னா விடவா போறே?”

“என்ஜின் பாதியில இறுகினா சக்கரம் பூட்டிக்கும். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“முதலாளி காதுக்குப் போக வேண்டாம். உன்னை இங்க சேர்த்துவிட்டதே நான்தான்.”

அவள் காற்று வாயிலிருந்த டேப்பை உரித்தெடுத்தாள். பிறகு நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அன்று மாற்று ஓட்டுநர் ஓட்டினார். ஏழாவது இடம்தான், ஆனால் சூடு நூற்றெட்டைத் தாண்டவில்லை. அந்த வாரம் என்ஜினைப் பிரித்தபோது பேரிங் முழுக்கக் கீறல். “இன்னொரு பந்தயம் தாங்கியிருக்காது,” என்றான் மெக்கானிக்.

அவள் அந்தப் பேரிங்கைத் துணியில் சுற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, புருஷனைப் பார்த்தாள்.

அடுத்த பந்தயத்தில் காரில் ஏறுமுன் உடையின் ஜிப்பை இறக்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று அவராகவே காட்டினார்.

அவள் காலணியையும் கழற்றச் சொன்னாள்.