சம்பந்திக்கு விட்டுக்கொடுத்த கடைசி ஓவர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மாவட்ட லீக் ஆட்டங்கள் இல்லாத ஞாயிறுகளில் சுற்றியுள்ள ஊர்களின் கிரிக்கெட் போட்டிகளுக்குப் போவேன். அப்படித்தான் சோமனூர்ப் பக்கம் நடந்த அந்த இறுதி ஆட்டத்துக்குப் போனேன். சோமனூர் அணிக்கும் பல்லடம் அணிக்கும் ஆட்டம். மண் தரையின் மேல் கயிற்றுப் பாய் விரித்த பிட்ச், கார்க் பந்து. வேப்ப மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் உள்ளூர்க்காரர் ஒருவர் இடைவிடாமல் வர்ணனை செய்துகொண்டிருந்தார்.

சோமனூர் அணியைப் பராமரித்தவர் ஒரு விசைத்தறி முதலாளி. பாய், ஸ்டம்ப், சாப்பாடு எல்லாம் அவருடைய ஏற்பாடு. அணிக்கு ஒரு வெளியூர் ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அந்தப் போட்டியின் விதி. முதலாளி மதுக்கரையிலிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளனை அழைத்து வந்து, தன் வீட்டிலேயே தங்கவைத்திருந்தார். அவனுடைய தகப்பனாருக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. பையன் கல்லூரியில் முதல் வருடம். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் அன்று அவனைப் பார்க்கவே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அதிகம் பேசாதவர்.

"இந்த வருஷம் விட்டா அவனுக்கு வயசு தாண்டிடும். நல்லா போட்டான்னா இன்னைக்கே சொல்லிடறேன்" என்றார்.

பையன் நன்றாகத்தான் போட்டான். ஓடிவருவதில் அலட்டல் இல்லை. பந்து ஒவ்வொரு முறையும் ஆஃப் ஸ்டம்பின் மேல் முனைக்குப் போனது. விக்கெட் கீப்பர் முதலாளியின் தறியில் வேலை செய்யும் இளைஞன். பந்தை வாங்கும்போதெல்லாம், "கண்ண மூடிட்டுப் புடிக்கலாம்டா இவனுக்கு!" என்று கத்தினான். ஒலிபெருக்கி விடவில்லை: "பல்லடத்துக்காரங்களே, பந்து தெரியுதுங்களா? தெரியலைன்னா சொல்லுங்க, கோழிப்பண்ணை லைட்டப் போட்டு உடறோம்!"

பல்லடத்துக்கு ஒருபுறம் ஒரே ஒருவர்தான் நின்று ஆடினார். முதலாளியின் மருமகன். நான்கு மாதத்துக்கு முன்புதான் கல்யாணம். அதற்கும் ஒலிபெருக்கியில் கிண்டல்: "மாப்பிள்ளைக்கு மாமனார் ஊட்டு மரியாதைங்க, பவுன்ஸரு!"

தண்ணீர் இடைவேளையில் முதலாளி உள்ளே போய், பந்துவீச்சாளனுக்கு ஒரு இளநீரைக் கொடுத்து, தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். பையன் தலையாட்டினான். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

கடைசி ஓவரில் பல்லடத்துக்குப் பதினொரு ரன் தேவை. பந்து மதுக்கரைப் பையன் கையில். தேர்வாளர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

முதல் பந்து லெக் பக்கம் வெகுதூரம் விலகிப் போனது. கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை. வைடும் பவுண்டரியுமாக ஐந்து ரன். அடுத்த பந்தும் அதே இடத்துக்குப் போனது. இந்த முறை கீப்பர் முழு உடம்பையும் எறிந்து வலது கையால் தடுத்துவிட்டான். எழுந்தபோது க்ளவுஸைக் கழற்றி விரலைப் பார்த்தான். ஆள்காட்டி விரலின் நுனி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கைக்குட்டையைச் சுற்றி, அதன் மேல் க்ளவுஸை மாட்டிக்கொண்டு, "பரவால்ல, போடு!" என்று கத்திவிட்டு மறுபடி குனிந்தான். மூன்றாவது பந்து இடுப்புயர ஃபுல் டாஸ். மருமகன் அதை வேப்ப மரத்துக்கு மேலே அடித்தார். ஆட்டம் முடிந்தது.

"பதறிட்டான். பரவாயில்லை, சின்னப் பையன்தானே. எடுத்துக்கறேன்" என்றார் தேர்வாளர். நானும் குறிப்பில் "பதற்றம்" என்றுதான் எழுதியிருந்தேன்.

பரிசளிப்பு உடனே தொடங்கியது. மருமகன் கோப்பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார். பல்லடத்துக்காரர்கள் விசிலடித்தார்கள். முதலாளி மைக்கை வாங்கினார்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் கேளுங்க. கப்பு பல்லடம் போகுதேன்னு நம்மூர்க்காரங்க ஆரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. பொண்ணக் குடுத்த ஊருங்க அது. கல்யாணமாகி மொத மொதல்ல சம்பந்தி ஊட்டுக்காரங்க நம்ம கிரவுண்டுக்கு வந்திருக்கறாங்க. வெறுங்கையோட அனுப்பலாமுங்களா? அதான் நம்ம மதுக்கரைத் தம்பிகிட்ட, கடைசியில பாத்துப் போடு கண்ணுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். என்ன அழகாப் போட்டுப்போட்டான் பாருங்க!"

கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். சம்பந்தி மாலையோடு எழுந்து நின்று கும்பிட்டார். ஆட்டத்தை விற்பது, விட்டுக்கொடுப்பது பற்றியெல்லாம் பத்திரிகை அலுவலகத்தில் வதந்தியாகக் கேட்டிருக்கிறேன். பெரிய நகரம், ஹோட்டல் அறை, தாழ்ந்த குரல் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். இங்கே ஒருவர் பட்டப்பகலில், மைக்கில், சந்தனப் பொட்டோடு, தான் செய்த மரியாதையாக அதை அறிவித்துக்கொண்டிருந்தார். என் பேனா தாளிலேயே நின்றுவிட்டது.

முதலில் முகம் மாறியது மருமகனுக்கு. கோப்பையைத் தலைக்கு மேலிருந்து மெதுவாக இறக்கினார்.

"அப்ப நான் அடிச்ச சிக்ஸு?"

"அதுவும் நல்லாத்தான் அடிச்சீங்க மாப்ள" என்றார் முதலாளி.

மருமகன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பந்தலை விட்டு வெளியே போனார். அதன் பிறகு சிரிப்பு நின்றது.

தேர்வாளர் எழுந்து சோமனூர் அணி நின்ற இடத்துக்குப் போனார். நானும் போனேன். கீப்பர் சர்பத் கடையிலிருந்து வாங்கிய ஐஸ் டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றான். அவன் பார்வை பந்துவீச்சாளன் மேல் இருந்தது.

"ரெண்டாவது பந்துக்கு நான் பாயறப்போ, அது எங்க போகும்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"மொதப் பந்து மாதிரி கையத் தாண்டிப் போயிரும்னு நெனச்சியா?"

"ஆமா. நீ எட்டுவேன்னு நெனைக்கல."

"நாளைக்குத் தறியில இழை அறுந்தா இந்த வெரலாலதான்டா முடி போடோணும்."

முதலாளி வேகமாக வந்துவிட்டார். "ஏன் சாமி, லீவு போட்டுக்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?" பிறகு தேர்வாளரிடம் திரும்பினார். "சார், பையன் மேல ஒண்ணுமில்லைங்க. தப்புன்னா என்ற தப்புங்க. சின்னப் பையன், பெரியவங்க சொன்னா என்னங்க பண்ணுவான்?"

சுற்றி நின்றவர்களும் "ஆமாங்க சார், சின்னப் பையனுங்க" என்றார்கள். பெரியவர் ஒருவர் முன்வந்து தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் விஷயம் அத்தோடு முடிந்தது என்பது அவர்களுக்குப் பழகிய நியாயம். தேர்வாளருக்கும் முடித்துவிட மனது இருந்தது என்று நினைக்கிறேன். பையனிடம் கேட்ட விதமே அதற்கு வழிவிட்டது.

"தம்பி, நீ சொல்லு. அவர் சொன்னதைத் தட்ட முடியாமப் போட்டுட்டே. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் மாவட்ட அணி. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் ஐஸ் டம்ளரைப் பார்த்தான்.

"இல்லைங்க சார். ரெண்டு நாளா அவங்க ஊட்டுலதான் சோறு. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சமா இருந்துச்சுங்க. அதனால சரின்னேன். ஆனா சரின்னு சொல்லிப்போட்டு வந்து ஒழுங்காப் போட்டிருந்தா, அவரு என்னங்க பண்ணியிருப்பாரு? கொஞ்ச நேரம் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. பந்து எங்கையிலதானுங்க இருந்துச்சு."

ஒலிபெருக்கிக்காரர் மைக்கை அணைத்தார்.

"அப்படீன்னா நீ வர வேண்டாம்" என்றார் தேர்வாளர்.

"சரிங்க சார்."

முதலாளிதான் அதிர்ந்து போனார். "ஏனுங்க சார், ஒரு மரியாதைக்குச் செஞ்சதுங்க... இதுக்குப் போயி..." என்று தேர்வாளர் பின்னாலேயே கார் வரை நடந்தார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அவர் கண்களில் நீர் இருந்தது.

நான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து அலுவலகத்துக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். பணம் கைமாறியதா என்று மறுமுனையில் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் ஸ்கோர் மட்டும் போதும் என்றார்கள்.

கோவைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் கீப்பர் உட்கார்ந்திருந்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறான். பந்துவீச்சாளனும் அதே பேருந்தில் ஏறினான். விருந்து சாப்பிடாமல் கிளம்பியிருந்தான். கீப்பரின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நடத்துநர் வந்தார். "ரெண்டு ஆஸ்பத்திரி ஸ்டாப்புங்க" என்றான் பந்துவீச்சாளன்.

"ஒண்ணு" என்றான் கீப்பர். "எனக்கு நானே எடுத்துக்கறேன்."

சில்லறை அவனுடைய வலதுபக்கக் கால்சட்டைப் பையில் இருந்தது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை உடம்புக்குக் குறுக்கே விட்டு அதை எடுக்கப் பார்த்தான். கைக்குட்டைக் கட்டில் இடித்து வலியில் முகம் சுளித்தான். மறுபடி முயன்றான். நடத்துநர் காத்திருந்தார். மதுக்கரைப் பையன் உதவ ஒரு முறை கையை நீட்டினான். பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அந்த இடது கை பைக்குள் துழாவுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றான்.