சொட்டு மருந்துப் பெட்டியும் நாங்கள் இருவரும்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பச்சைமலை பஸ் கதை தெரிந்திருக்கும். நர்ஸ் வேலைக்காகப் பெற்ற பிள்ளையையே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அப்படியே நின்றுவிடக் கூடாது என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது லால்குடி பக்கம். நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். வேலையோ துறையூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து சுகாதார நிலையத்தில். தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். அப்பா லாரி ஓட்டினார். என்றைக்கு வீட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. மற்ற நாட்களில் நானும் தம்பியும் பக்கத்து வீட்டில் இருந்துகொள்வோம். ஆனால் சொட்டு மருந்து கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்று பக்கத்து வீட்டார் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் அம்மா மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு எங்களையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினார்.

நாங்கள் கூடப் போனதில் அம்மாவுக்கு ஒரு உதவியும் இருந்தது. மலை ஊர்களில் முதலில் எந்தத் தாயும் பிள்ளையைக் கொண்டுவர மாட்டார். 'நர்ஸம்மா, மொதல்ல உங்க பிள்ளைக்கு விடுங்க, பாக்குறோம்' என்பார்கள். தம்பி வாயை ஆவென்று திறப்பான். சொட்டு விழுந்ததும் அவன் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் வரிசை நகரும். அவனுக்கு அப்போது நான்கு வயது, எனக்கு எட்டு. காட்டூரில் இருக்கும் என் சித்தி இதைச் சொல்லியே அம்மாவைக் குத்துவார்.

"எங்க அக்காவுக்கு அந்த ஐஸ் பெட்டிதான் தலைச்சன் பிள்ளை. இதுங்க ரெண்டும் அப்புறம் பொறந்ததுங்க."

அன்றைக்கும் அப்படித்தான் போனோம். மலை பஸ்ஸில் நிற்க இடமில்லை. தம்பியை மட்டும் யாரோ ஜன்னலோரம் உட்கார வைத்துக்கொண்டார்கள். காலடியில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. வளைவுகளில் நான் வாந்தி எடுத்தபடி வந்தேன். இறங்கும் இடம் வந்ததும் அம்மா பெட்டியின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றக் கையால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை முன்னால் இறங்கச் சொன்னார். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினோம். விசில் அடித்தது. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் அம்மாவின் புடவையைத் தொட்டு, "நர்ஸம்மா, அது என் பையன்" என்றார்.

அம்மா குனிந்து பார்த்தார். பிடித்திருந்தது அந்த ஊர்ப் பிள்ளையின் கை. தம்பி ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே மேலே போய்விட்டான்.

செல்போன் இல்லாத காலம் அது. அந்த பஸ் மேலே கடைசி ஊர் வரை போய், அதே வழியில் திரும்பினால்தான் உண்டு. மலைப் பாதையில் ஓடிப் பிடிக்கவும் முடியாது. சாவடியில் பெண்கள் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அம்மா என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

அம்மா உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். யாரும் எழுந்து வரவில்லை. வழக்கமாக முதலில் வாய் திறக்கும் பிள்ளை அங்கே இல்லை. அப்போது அந்தப் பையனின் தாய் அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீங்க பிடிச்சுக் கூட்டிட்டு வந்த பிள்ளைதானே? இவனுக்கே மொதல்ல விடுங்க. உங்க பையன் வந்துருவான்."

வரிசை நகர்ந்தது. கடைசிக் குழந்தை வரை அம்மா விட்டு முடித்தார். பஸ் திரும்பி வந்தபோது தம்பி கண்டக்டர் சீட்டில் அவித்த கிழங்கைத் தின்றபடி, கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தான். இறங்க மாட்டேன் என்று அழுதான். அம்மா அவனை அடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு சொட்டு விட்டார். விரலில் மை வைத்தார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு அது அத்தோடு முடியவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். பரீட்சை என்றால் கை வேர்த்து, பேனா நழுவி, காய்ச்சலே வந்துவிடும். அம்மா டாக்டர்களிடம் காட்டிப் பார்த்தார். பிறகு தையல் பழக அனுப்பினார். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னை இப்படி ஆக்கியது என்று அவரே முடிவுகட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

கடைசி மாதங்களில், இடுப்பு எலும்பு முறிந்து ஸ்ரீரங்கம் வீட்டில் என் பராமரிப்பில் படுத்திருந்தபோது, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் எங்களைக் கூட்டிப்போன கதைகளைத்தான் சொல்வார். பனியில் தம்பி தலையில் துண்டு கட்டியது, எனக்காக எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனது எல்லாம் வரும். அந்த பஸ் பக்கம் வரும்போது மட்டும் தண்ணீர் கேட்பார், கதை நின்றுவிடும். நானே பேச்சை எடுக்கலாமா என்று தவிப்பேன். எடுத்தால் பிரஷர் ஏறிவிடுமோ, எடுக்காமலே ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன்.

சித்தி வந்திருந்த ஒரு மத்தியானம் அம்மாவே என்னிடம் கேட்டுவிட்டார்.

"உண்மையச் சொல்லுடி. அன்னைக்கு பஸ் போனதுலதானே உனக்கு இந்தப் பயம் வந்துச்சு? படிப்பும் அதனாலதானே நின்னுச்சு?"

"இல்லம்மா. எனக்கு அதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் பயம்தான். அன்னைக்கு நீ அழாம உக்காந்து மருந்து விட்ட பாரு, அதப் பாத்துத்தான் எனக்கு நடுக்கமே நின்னுச்சு. உனக்குப் பயமே கிடையாதுன்னு நெனச்சேன்."

அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பெட்டிய அடிக்கடி தொறந்தா ஐஸ் போயிரும்னு உங்களத் திட்டுவேன்ல? அன்னைக்கு நானே ஏன் தொறந்து தொறந்து குனிஞ்சேன்னு நெனக்கிற? மூஞ்சிய உள்ள விட்டா அழுறது தெரியாதுன்னுதான்."

"அதான் அந்த வருஷம் மருந்து உப்புக் கரிச்சுதுன்னாங்களா?" என்றார் சித்தி.

அம்மா சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து, மூவரும் பதறிப்போனோம்.

நான் சொன்னதை அம்மா நம்பினாரா? அடுத்து வந்தவர்களிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் விடாமல், விசில் வரைக்கும் சொன்னார். அதை வைத்து நம்பினார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். சில நாட்களில், எனக்காகத்தான் நம்பியது போலக் காட்டிக்கொண்டாரோ என்றும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

மன்னார்புரத்திலிருந்து தினமும் வந்து அம்மாவைத் தூக்கி உட்கார வைத்த தம்பிக்கும் அவன் மனைவிக்கும், வாய் ஓயாமல் அம்மாவைச் சிரிக்க வைத்த சித்திக்கும், மருந்து வாங்கித் தந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத அந்தக் கண்டக்டருக்கும், தன் பிள்ளையை முதலில் நீட்டிய அந்தத் தாய்க்கும் இந்த மலர் போய்ச் சேராது. அவர்களுக்காகவும் கும்பிடுகிறேன். யார் பெயராவது விட்டுப்போயிருக்குமோ என்று நேற்று முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். அச்சகத்துக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பிழை இருக்கும், படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று பயமாகத்தான் இருக்கிறது. பயம் போகட்டும் என்று காத்திருந்து அம்மா மலை ஏறவில்லை, பயத்தோடுதான் ஏறினார் என்று இப்போது எனக்குத் தெரியும். வந்த ஆளிடம் இதைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.