அக்கா வீட்டுக் கார் சீட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கார் சீட். குழந்தையை உட்காரவைத்து, தோளுக்கும் இடுப்புக்கும் வார் மாட்டிப் பூட்டுவார்களே, அது. அவள் மகனுக்கு வாங்கியது. அவன் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் சடாரென்று பிரேக் போட்டபோது அவன் இந்தச் சீட்டில் இல்லை. முன்னால் அக்காவின் மடியில் இருந்தான்.

"உன் புள்ள நடக்க ஆரம்பிச்சிட்டான் இல்ல? இனிமே கார்ல இதுலதான் உக்காரணும்" என்றாள். காபிகூடக் குடிக்காமல் ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை என் மாமியார் பொறுத்திருந்தாரே, அதுவே பெரிய விஷயம். "இன்னா பொண்ணும்மா நீ? செத்த புள்ளையோட சாமானப் போய் ஊட்டுக்குள்ள வைப்பியா? எடைக்குப் போட்டுடு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவன் இதுல உக்காந்திருந்தா இந்நேரம் எல்கேஜி போய்க்கினு இருப்பான்" என்று கத்திவிட்டேன்.

வாய்தான் கத்தியது. உறையைக் கழற்றித் துவைக்கப் போனால், மடிப்பிலிருந்து பிஸ்கட் தூள் உதிர்ந்தது. அவன் தின்ற பிஸ்கட். குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் பயம்தான், சத்தியமாகப் பயம். காய்ந்த பிறகு என் பிள்ளையை அதில் உட்காரவைத்தால் அவன் முகம் தெரியவில்லை, அக்கா பிள்ளையின் முகம்தான் வந்து நின்றது. சிரித்துக்கொண்டு வேறு.

காரில் மாட்டலாம் என்றால், பின்சீட்டில் பெல்ட் பூட்டையே காணோம். எங்களுடையது பழைய கார். வண்டி வாங்கியதும் முதல் வேலையாக சீட் கவர் போட்டு, பூட்டையெல்லாம் அடியில் அமுக்கிவிடுவதுதானே நம் ஊர் வழக்கம். என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே பிளேடால் கவரைக் கிழித்துப் பூட்டை வெளியே இழுத்தார். "புது கவரு! நல்லா கீதுடி உங்க அக்கா கூத்து."

அடுத்த வாரமே வேலப்பன்சாவடி மண்டபத்தில் ஒரு காதுகுத்து. பாரிவாக்கத்தில் அக்காவையும் ஏற்றிக்கொண்டோம். அந்த விபத்துக்குப் பிறகு கார் பக்கமே வராதவள், சீட்டைச் சரியாக மாட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதற்காகவே வந்தாள். ஏறியதும் ஒவ்வொரு வாராக இழுத்துப் பார்த்தாள். பின்னால் பிள்ளைக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். மாமியார் முன்சீட்டில்.

ஹைவே ஏறியதும் பிள்ளை ஆரம்பித்துவிட்டான். அப்படி ஒரு அழுகை! உடம்பை வில்லாக வளைத்து, மூச்சு முட்ட, என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதான்.

"ஐய, புள்ள தொண்ட கட்டிப் பூடும். அவுத்து வுடும்மா! பெத்தவ மடியில வச்சிக்கினா இன்னா ஆயிடும்?" என்றார் மாமியார்.

கணவரும் சேர்ந்துகொண்டார். "தூக்கிக்கோயேன். மெதுவாதான ஓட்டினு போறேன்."

சென்னீர்குப்பம் வந்துவிட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இடம் எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் விக்கி விக்கி அழுவதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. அஞ்சே நிமிஷம்தானே என்று பூட்டின் சிவப்புப் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

எனக்கு முன்னால் அக்காவின் கை அங்கே போயிருந்தது. பாவம், அவளுக்கும் தாங்கவில்லை, அவளே அவிழ்க்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவிழ்க்கவில்லை. பட்டனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, என் கையைத் தள்ளினாள்.

"அழட்டும்டி" என்றாள். "அன்னிக்கு நான் தூக்கின ஒடனே அவன் அழுகைய நிறுத்திட்டான்."

என் பிள்ளை மண்டபம் வரைக்கும் அழுதான். நாங்கள் யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.