நோகாத கடவுள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு அண்ணி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் கோட்டைத் தேடினார். அதோடு எல்லாம் பிசகத் தொடங்கியது. கோப்பையில் பாதித் தேநீர் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் அண்ணி குறை வைத்து எழுந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் விம்பிள்டனுக்குப் பக்கத்தில், மோர்டனில் இருந்தோம். அண்ணனும் அண்ணியும் மிச்சம் என்ற அடுத்த ஊரில் குடியிருந்தார்கள், ஞாயிறுகளில் வருவார்கள். அவர்களுடைய ஒரே மகனைக் கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்சிலிருந்து இறக்கினார்கள் என்பதுதான் கடைசிச் செய்தி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. விம்பிள்டன் கோயிலில் வெள்ளி தவறாமல் அவனுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வார் அண்ணி. கிழமையின் மற்ற நாட்களை அவர் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டே கடந்தார்.

அன்று என் மகள் மடியில் ஒரு தடித்த புத்தகத்தோடு சோபாவில் இருந்தாள். அது சமயபாடத்துப் புத்தகம். யாழ்ப்பாணத்தில் சமயபாடம் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பாடமாக்கினால் புள்ளி. நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். நெற்றியில் திருநீற்றோடு பைபிள் வகுப்பில் இருந்து பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அதனால் யாரும் மதம் மாறியதில்லை, கடவுளைப் பற்றி யோசித்ததும் இல்லை. ஆகவே மகள் மருத்துவம் போவதற்காக இரசாயனம், உயிரியலோடு மூன்றாவதாகச் சமயபாடத்தை எடுத்தபோது, சுளையாக ஒரு ‘ஏ’ வந்துவிடும் என்று நானும் மனைவியும் மகிழ்ந்தோம். இங்கே அந்தப் பாடத்தில் மத்தியகாலத்து ஐரோப்பியத் துறவிகளின் தர்க்கங்களைக் கொடுத்துப் பதினேழு வயதுப் பிள்ளைகளை மோதவிடுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

“என்ன பிள்ளை அப்பிடி விழுந்து விழுந்து படிக்கிறாய்?” என்று அண்ணி அன்பாகத்தான் கேட்டார்.

“கடவுளுக்கு நோகுமா எண்டு ஒரு எஸ்ஸே, பெரியம்மா. நோகாதாம். அவர் மாறவே மாட்டாராம். நாங்கள் அழுதாலும் அவருக்குக் கவலை வராதாம்.”

அண்ணன் பிஸ்கட்டைக் கடித்தபடி பாய்ந்தார். “அது அவையின்ரை கடவுள். எங்கடை சிவன் பிட்டுக்கு மண் சுமந்து, பிரம்படி வாங்கினவர் தெரியுமோ?”

“அந்த அடி ஊரிலை எல்லாற்றை முதுகிலயும்தானே பட்டது, பெரியப்பா. அவருக்கு நொந்தது எண்டு ஆர் சொன்னது?”

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

“அப்ப நான் வெள்ளிக்கிழமையிலை கேக்கிறது அவருக்குக் கேக்குமோ, கேக்காதோ?”

“கேக்கும் பெரியம்மா. ஆனா அதாலை அவர் மனம் மாறாது எண்டுதான் அவையள் சொல்லுகினம்.”

அப்போதுதான் கோப்பை மேசைக்கு வந்தது. வாசலில் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “பிள்ளையைச் சேர்ச்சுக்கு நேந்து விட்டிட்டியோடா? நாளைக்கே போய் அந்தப் பாடத்தை வெட்டு.”

நான் அண்ணனோடு மட்டும் கோபப்படவில்லை. அன்றிரவு மகளுடைய புத்தகத்தை எடுத்து வாசித்தேன். கடவுளுக்குப் பகுதிகள் இல்லை, நேற்றும் நாளையும் இல்லை, ஆகவே மாற்றமும் இல்லை. துக்கம் என்பது வெளியிலிருந்து வந்து ஒருவரை மாற்றுவது, ஆகவே துக்கமும் இல்லை. அப்படியானால் அவரை இரக்கமுள்ளவர் என்று எப்படிச் சொல்வது? ஒரு துறவி அதற்கும் பதில் வைத்திருந்தார். இரக்கத்தின் பலன் நமக்குக் கிடைக்கிறது, இரக்கம் என்ற உணர்ச்சி அவருக்குள் இல்லை. நண்பனின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுத கதையைப் பைபிள் வகுப்பில் கேட்டுக் கலங்கியவன் நான். அதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அழுதது அவருடைய மனித இயல்பாம், தெய்வ இயல்பு அழவில்லையாம். கண்ணீரைக்கூட இரண்டாகப் பிரிக்கிற மூளை! பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைகிற எங்கள் ஊர்த் தாய் ஒருத்திக்குப் பக்கத்தில் ஒரு பகலாவது இருந்திருந்தால் அந்த மனிதர்கள் இப்படி எழுதியிருப்பார்களா?

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் போனேன். ஆசிரியை மிகவும் மரியாதையானவர். அவை நிறுத்துப் பார்க்க வேண்டிய கருத்துகள் என்றும், என் மகள் அருமையாக நிறுக்கிறாள் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் ஒருத்தி அந்தத் தராசின் கீழே கிடக்கிறாள் என்பதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடத்தையும் வெட்டவில்லை. வெட்டு என்று சொல்லத்தான் போயிருந்தேன். மகளின் தமையன் முறையானவன் காணாமல் போனதற்கு அவளுடைய படிப்பு ஏன் அபராதம் கட்ட வேண்டும் என்ற கோபம் அங்கே கதிரையில் இருக்கும்போது வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய குரலில் அதட்டல் இல்லை. “அவள் இண்டைக்குக் கோயிலுக்கு வெளிக்கிடேல்லையடா. சாமிப் படத்துக்கு விளக்கும் கொளுத்தேல்லை. ஆருக்குக் கொளுத்திறது எண்டு கேக்கிறாள்.”

மகள் படியில் நின்று நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மை கேட்டவருக்கு உண்மை சொன்ன பிள்ளை. அவளை எதற்காகத் திட்டுவது?

மறுநாள் மத்தியானம் நூலகத்துக்குப் போகிறேன் என்றவள் வரவில்லை. நூலகத்தில் இல்லை. சிநேகிதியின் வீட்டில் இல்லை. அண்ணன் வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. நான் முன்னறையில் நடந்து நடந்து துறவிகளையும் ஆசிரியையையும் அண்ணனையும் மாறி மாறித் திட்டினேன்.

“இஞ்சை நிண்டு செத்துப்போன சாமிமாரோடை என்ன சண்டை? காரை எடுத்துக்கொண்டு போய்த் தேடுங்கோவன்!” என்றாள் மனைவி.

சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் அண்ணி நின்றார். அவருக்குப் பின்னால் கண் சிவந்து, பெரியம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு என் மகள். மன்னிப்புக் கேட்கப் பஸ் ஏறி மிச்சத்துக்குப் போயிருக்கிறாள்.

“அண்ணி, சின்னப் பிள்ளை, தெரியாமல்…” என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோட்டைக் கழற்றவில்லை, உள்ளே வந்து இருக்கவும் இல்லை. அன்று அவர் சொன்னதை நான் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. எனக்கு வேண்டிய கடவுள் அழத் தெரிந்தவர்.

“அவளை ஒண்டும் சொல்லாதையும், தம்பி. கிழமை முழுக்க இதைத்தான் யோசிச்சனான். நான் அழுறன். உம்மடை அண்ணை கக்கூசுக்குள்ளை போய் இருந்து அழுறார். கடவுளும் எங்களோடை சேந்து அழுதுகொண்டிருந்தால் என்ரை பிள்ளையை ஆர் பாக்கிறது? அவர் ஒருத்தராவது கண் கலங்காமல் அவனைப் பாக்கட்டும். காரை எடும், கோயில் பூட்ட முந்திப் போகோணும்.”